திருப்பிக் கொடுக்கும் நாள்

கூமாப்பட்டியில் நம் தகப்பனார் வைத்துச் சென்ற தென்னந்தோப்பு ஒன்று உண்டு. மேற்கே மலை, மலையடியில் பிளவக்கல் அணை, அதன் நீரை நம்பிய வயல்களும் தோப்புகளும் என்று அமைந்த ஊர் அது. நாம் சிறுவராய் இருந்த நாளில் அத்தா அந்தத் தோப்பைக் குத்தகைக்கு விடுவதுண்டு. விடுகிற நாளில் பேச்சு சுருக்கமாய் முடிந்துவிடும். திரும்ப வாங்குகிற நாளில்தான் அது நீளும். கடைசி ஆண்டில் உரம் வைத்தாரா, மோட்டார் ஓடுகிறதா, வேலி நிற்கிறதா, போகிற போக்கில் முற்றாத காயையும் வெட்டிக்கொண்டு போனாரா என்று மரத்துக்கு மரம் நின்று பார்ப்பார்கள். ஒரு முறை அவ்வாறு பார்த்துவிட்டு வந்த அத்தா, "எழுதுகிற அன்றைக்கே கடைசி வெட்டையும் எழுதியிருக்க வேண்டும்" என்று திண்ணையில் அமர்ந்து முனகியது இன்றும் நம் காதில் இருக்கிறது.

அந்தச் சொல் ஒரு காரின் பொருட்டு நமக்கு நினைவில் வந்தது.

நம் தம்பி மகன் சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் நல்ல பதவியில் இருக்கிறான். ஐம்பது லட்ச ரூபாய் மதிப்புள்ள வெளிநாட்டு ரகக் கார் ஒன்றை விலைக்கு வாங்காமல் நான்காண்டுக் குத்தகைக்கு எடுத்திருந்தான். கூமாப்பட்டியின் பெயர் 2025-ஆம் ஆண்டில் கைப்பேசிப் படக்காட்சிகளால் நாடெங்கும் பரவி, அணையைக் காண வெளியூர்க் கார்கள் வந்து குவிவதற்கு முன்பே, நம் தெருவில் வந்து நின்ற பெரிய கார் அதுதான். பெருநாள் தொழுகைக்குத் தன் அத்தாவை அதில்தான் ஏற்றிச் செல்வான். தம்பி முன் இருக்கையில் அமர்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டு எல்லாருக்கும் ஸலாம் சொல்லிக்கொண்டே போவார். நமக்கும் பெருமை இல்லாமல் இல்லை.

தவணை முடிய ஒரு மாதம் இருக்கையில் குத்தகை நிறுவனத்தார் வந்து வண்டியைச் சோதித்தார்கள். பிறகு ஒரு கணக்கை அனுப்பினார்கள். ஒப்பந்தத்தில் குறித்த 60,000 கிலோமீட்டரைத் தாண்டி 11,000 கிலோமீட்டர் ஓடியதற்கு, கிலோமீட்டருக்கு 15 ரூபாய் வீதம் 1,65,000. அடிப்பாகச் சேதமும் கீறல்களும் 1,40,000. நான்கு டயர்களுக்கு 95,000. மொத்தம் நான்கு லட்சம், வரி தனி. மகன் அப்போதுதான் வீட்டுக்கடனில் இறங்கியிருந்தான். செய்தி கேட்ட தம்பி, எவரிடமும் சொல்லாமல், தோப்பை மூன்றாண்டுக்கு முன்பணமாக நான்கு லட்சத்துக்கு விடப் பேசிவிட்டார்! அந்தத் தொகை மூன்றாண்டு விளைச்சலுக்கு மிகவும் குறைவு. போதாக்குறைக்கு, இன்னும் காய்க்காத காயை விற்பதும், காய்க்காக மரத்தையே வாடகைக்கு விடுவதும் ஹனஃபி மத்ஹபில் கூடாதவை; விளைச்சலில் பங்கு பேசுகிற முஸாகாத்துக்கே இடமுண்டு என்று ஹஜ்ரத் அவர்கள் விளக்கினார்கள். தம்பி தலை குனிந்துகொண்டார். "வேறு வழி என்ன அண்ணே?" என்பதே அவர் கேள்வி.

வழி இருக்கிறதா என்று பார்க்க ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தோம். நாற்பது பக்கத் தாளை நாம் படிப்பதற்கு முன் எவரும் முழுதாகப் படித்திருக்கவில்லை, கையொப்பமிட்டவன் உட்பட.

கார்க் குத்தகையின் கணக்கு இதுதான். வண்டியின் விலை 50 லட்சம்; நான்காண்டு முடிவில் அது 22 லட்சம் பெறும் என்று தொடக்கத்திலேயே மதிப்பிட்டிருந்தார்கள். இடைப்பட்ட 28 லட்சத்தை 48 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் 58,333 ரூபாய். அதன் மேல் முதலீட்டுக்கான கட்டணம், காப்பீடு, பராமரிப்பு, வரி. நம் பிள்ளை பேரம் பேசியது மாதத் தொகையை மட்டுமே. வண்டியின் விலையைக் குறைக்கக் கேட்கவில்லை. முடிவு மதிப்பை எப்படிக் கணித்தார்கள் என்று கேட்கவில்லை. 60,000 கிலோமீட்டர் தனக்குப் போதுமா என்று எண்ணிப் பார்க்கவில்லை. எல்லையை முன்கூட்டியே உயர்த்திக் கேட்டிருந்தால் மாதத் தொகை சிறிது கூடியிருக்கும், அவ்வளவே. அமெரிக்க நாட்டில் முடிவுக் கட்டணங்களை முன்னதாகவே எழுதிக் காட்ட வேண்டுமென்று 1976-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றினார்கள். நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமுமே கைகொடுக்க வேண்டும். ஒப்பந்த மீறலுக்கு நியாயமான ஈடே கோரலாம் என்பது முன்னதன் 74-ஆவது பிரிவு. வாங்கிய பொருளைத் தன் பொருள்போல் கவனமாய்க் காத்தவன், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அதன் சேதத்துக்குப் பொறுப்பாளி அல்லன் என்பது 151, 152 பிரிவுகளின் சாரம். குத்தகைப் பொருள் கையில் இருக்கும் அமானத் என்று நம் ஃபிக்ஹு நூல்கள் சொல்வதும் இதற்கு நெருங்கியதே.

நமக்கு மூஸா (அலை) அவர்களின் வரலாறு நினைவு வந்தது. மத்யனில் பெரியவர் ஒருவரிடம் அவர்கள் பணிக்கு அமர்ந்ததைத் திருமறையின் அல்கஸஸ் அத்தியாயம் கூறுகிறது. எட்டாண்டு கடமை, பத்தாக நிறைவு செய்தால் அது அவர்கள் விருப்பம், சிரமப்படுத்த நாட்டமில்லை என்று பெரியவர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். இரண்டில் எந்தத் தவணையை முடித்தாலும் என் மீது வரம்பு மீறல் கூடாது என்று மூஸா (அலை) அவர்களும் அப்போதே உறுதி வாங்கிக்கொள்கிறார்கள். முடிவை முதலிலேயே பேசிய ஒப்பந்தம் அன்றோ அது!

பையனை அழைத்துக்கொண்டு சென்னைக்குச் சென்றோம். டயர் விஷயம் எளிதாய் முடிந்தது. சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பள்ளம் 1.6 மில்லிமீட்டர், அளந்து பார்த்தால் நான்கிலும் அதைவிட அதிகம். அது ஓட்டத் தேய்மானம், சேதம் அன்று என்று ஒப்பந்தத்தின் வரியையே காட்டியதும் 95,000 விலகியது. அடிப்பாகச் சேதம் தோப்புப் பாதைக் கல்லில் சில நாட்களுக்கு முன் பட்டது. காப்பீட்டுப் பணம் மாதந்தோறும் வாடகையிலேயே போய்க்கொண்டிருக்க, எவரும் அதைக் கோர நினைக்கவில்லை. உடனே அறிவித்தோம். 90,000 ரூபாய் வேலை, கட்டாயக் கழிவான 2,000 ரூபாயோடு முடிந்தது.

இங்கே ஒரு சோதனை. பழைய கீறல்களையும் அதே விபத்தில் சேர்த்து எழுதிவிடலாம் என்று பட்டறையில் ஒருவர் யோசனை சொன்னார். பையன் நம் முகத்தைப் பார்த்தான். ஐம்பதாயிரம் ரூபாய்ப் பேச்சு; நமக்கும் ஒரு கணம் மனம் சறுக்கியது என்பதை மறைப்பானேன்? "வேண்டாம் பெரியத்தா, அது பொய்" என்று அவனே சொன்னான். வேறொரு பட்டறையில் மதிப்பு எடுத்தோம்; 28,000 என்றார்கள். அந்தத் தாளை வைத்துப் பேசி 30,000-க்கு ஒப்பினார்கள்.

மிஞ்சியது கிலோமீட்டர். அதில் பேச இடமில்லை. எழுத்து தெளிவாய் இருந்தது. ஆகக் கொடுக்க வேண்டியது 1,97,000 ரூபாயும் வரியும்.

ஊர் திரும்பித் தம்பியிடம் கணக்கைச் சொன்னோம். தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். சென்னையிலிருந்து கூமாப்பட்டிக்குப் போகவர 1,100 கிலோமீட்டர். நான்காண்டில் மகன் பத்து முறை வந்திருக்கிறான். "அந்தப் பதினோராயிரமும் என்னைப் பார்க்க ஓடினது தானே அண்ணே?" என்றார். குரல் கம்மியிருந்தது. தோப்பை விடும் பேச்சை மறுநாளே நிறுத்தினார். அடுத்த இரண்டு வெட்டின் பணத்தை அப்படியே மகனுக்கு அனுப்பினார். அவன் திருப்பி அனுப்பினான். இவர் மீண்டும் அனுப்பினார். யார் வென்றார்கள் என்று நாம் கேட்கவில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த பின் வந்த பெருநாளுக்கு அவன் பொதிகை ரயிலில் வந்தான். ஃபஜ்ரு தொழுததும் தம்பி பழைய மொபெட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையத்துக்குப் போய்விட்டார். பேருந்து இருக்கிறதே என்று நாம் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.