ஆலைக் குளத்தில் கிடந்த செல்வம்

சட்டம் செலவைத்தான் உண்டாக்கும், வருவாயை உண்டாக்காது என்பது தொழில் நடத்துவோர் வழக்கமாகக் கூறும் குறை. ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே நின்று நோக்குவார்க்கு அக்கூற்றில் பாதியே உண்மை என்பது புலனாகும்.

குளுவாங், கூலாய், கோத்தா திங்கி வட்டாரத் தோட்டப்புறங்களில் வளர்ந்தோர் ஆலைக்குப் பின்னாலுள்ள குளங்களை நன்கறிவர். பழக்குலைகளை நீராவியில் அவித்து எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் பழுப்புநிறக் கழிவுநீர், ஒரு குளத்திலிருந்து மறு குளத்திற்கு வழிந்து வாரக்கணக்கில் தேங்கிக் கிடக்கும். மேற்பரப்பில் குமிழிகள் ஓயாது வெடிக்கும். நாற்றமோ லயத்து வீடுகள்வரை வீசும். சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1977ஆம் ஆண்டில் செம்பனை ஆலைகளுக்கென விதிகள் வகுக்கப்பட்டதன் விளைவே இக்குளங்களின் பெருக்கம். அதற்கு முன் கழிவு ஆற்றிலேயே கலந்து வந்தது. ஆறு ஓரளவு பிழைத்தது. ஆனால் குமிழிகளில் அடங்கிய மீத்தேன் வளி வானில் கலந்தது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைக் காட்டிலும் இருபத்தைந்து மடங்கிற்கு மேல் வெப்பத்தைத் தேக்கவல்லது அவ்வளி. அதுவே நல்ல எரிபொருளுமாகும்.

இதனை ஆலையினர் அறியாதவரல்லர். நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்தே ஆலை தன் மின்தேவையை நிறைவு செய்துகொண்டது. மிகுதியை நல்ல விலைக்கு வாங்குவார் இல்லாதபோது, பெரும் பொருள் செலவிட்டுக் குளத்தை மூடுவானேன்? 2001இல் எட்டாவது மலேசியத் திட்டம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலை ஐந்தாவது எரிபொருளாக ஏற்று, 2005க்குள் 5 விழுக்காட்டு மின்சாரம் அதிலிருந்து கிடைக்கவேண்டும் என்றது. இலக்கின் அருகில்கூட நாடு செல்லவில்லை. கொள்கை இருந்தது, முதலீட்டைத் தாங்கும் விலை இல்லை. 2011ஆம் ஆண்டுச் சட்டமே அக்குறையை நீக்கியது. கழிவு வளியிலிருந்து பிறக்கும் மின்சாரத்திற்கு 16 ஆண்டுகளுக்கு உறுதியான விலை என்றானபின், கடன் தரும் வங்கிக்கும் கணக்கு விளங்கிற்று. நாற்றம் விற்பனைச் சரக்காயிற்று!

இதற்கான பொருளை மின்நுகர்வோரே தந்தனர். கட்டணத்தில் 1 விழுக்காடாகத் தொடங்கிய பங்கு, 2014இல் 1.6 விழுக்காடாயிற்று. மாதம் 300 அலகிற்கு மேற்படாத இல்லங்களுக்கு அச்சுமை விதிக்கப்படவில்லை. எளியோர் வீட்டு விளக்கின்மேல் கைவைக்காத இவ்வேற்பாடு பாராட்டத்தக்கது.

எனினும், பெற்ற பயனை ஆலையின் கணக்கேட்டில் மட்டும் தேடுதல் போதாது. பொந்தியான் கரையோரத்துத் தஞ்சோங் பின் அனல்மின் நிலையம் 2016 முதல் 3,100 மெகாவாட் திறனுடையது. அது எரிக்கும் நிலக்கரி இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருவது. 2022இல் உக்ரேன் போரால் நிலக்கரி விலை ஏறியபோது, மக்களின் மின்கட்டணம் உயராதிருக்க அரசு நூற்றுக்கணக்கான கோடி ரிங்கிட்டை மானியமாகக் கொட்டவேண்டியதாயிற்று. தோட்டத்துக் குளத்திற்கு எந்தப் போரும் விலை ஏற்றுவதில்லை. குளத்து மின்சாரம் நிலக்கரிக்கு ஈடாகும் என்பதன்று; அளவில் அது மிகச் சிறிது. கூலாயிலும் செடெனாக்கிலும் எழுந்துவரும் தரவு மையங்களின் பசிக்கு அது ஒரு கவளமும் ஆகாது. ஆயினும் அதற்குரிய கூலி உள்ளூரிலேயே தங்குகிறது. வளியைத் தூய்மைப்படுத்தவும், எந்திரத்தைப் பழுது பார்க்கவும், மின்கம்பி இணைக்கவும் கைத்தொழில் கற்றவர் வேண்டும். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் தொழிற்பயிற்சி பெற்று, வெட்டுக்கத்தியின்றி அதே தோட்டத்திற்கு வேலைக்குத் திரும்ப இடமுண்டு.

இடர் ஒன்று எஞ்சியுள்ளது. பல ஆலைகள் உட்காட்டில் இருக்கின்றன. மின்தொடர் நெடுந்தொலைவில் ஓடுகிறது. இணைப்புக் கம்பி இழுக்கும் செலவு மின்சாரத்தால் வரும் வருவாயை விழுங்கிவிடும். 2014 முதல் புதிய ஆலைகளும், உற்பத்தித் திறனைப் பெருக்க விழையும் பழைய ஆலைகளும் மீத்தேன் வளி வெளியேறாமல் தடுத்தாக வேண்டும். கம்பி எட்டாத இடங்களிலோ, பிடித்த வளி உயர்ந்த குழாயொன்றின் முனையில் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கிறது.