கண்ணாடித் தடுப்பு

கோவில்பட்டிக் கடையொன்றில் இரண்டு ஆஸ்கார் மீன்களை வாங்கியபோது ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளமே இருந்தது. சென்னைக் கொளத்தூரிலிருந்து வந்த சரக்கு. "ஒண்ணா வளந்ததுக சார், அடிச்சுக்கிடாது" என்றார் கடைக்காரர். ஒன்றரை ஆண்டில் இரண்டும் சாண் நீளத்தைத் தாண்டிவிட்டன. தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய 250 லிட்டர் பிடிக்கும். குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் கழுகுமலைத் தெருவில் இது ஆடம்பரந்தான். வாரம் நான்கு குடம் மாற்றவேண்டும் என்று நான் சொன்ன அன்று அம்மா பார்த்த பார்வையை இங்கே எழுத இயலாது.

ஒரு மாலை இரண்டும் வாயோடு வாய் கவ்வி நின்றன. முத்தமிடுகின்றன என்றாள் மகள். நானும் ரசித்தேன். வலிமையை அளந்து பார்க்கும் சண்டை அது என்பது, மறுநாள் சிறியதன் வால்துடுப்பு கிழிந்து தொங்கியபோதுதான் புரிந்தது. வடிகட்டிக் குழாயின் பின்னால், நிறம் கறுத்து, இரைக்கும் வராமல் அது ஒடுங்கி நின்றது. தாமே சமாதானமாகிவிடும் என்று ஒரு வாரம் சும்மா இருந்தேன். அந்த வாரத்தில் அதன் இடக்கண் போயிற்று.

பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். விலங்குகளின் மூர்க்கத்தைப் பற்றி 1963இல் நூலெழுதியவர் ஆஸ்திரியரான கொன்ராட் லோரன்ஸ். (அவர் நாஜிக் கட்சியில் உறுப்பினராக இருந்தவர் என்பதையும் மறக்காமல்தான் படிக்கவேண்டியிருக்கிறது.) திறந்த நீரில் தோற்ற மீன் எல்லையைக் கடந்து ஓடிவிடும், வென்றதும் அத்துடன் விட்டுவிடும். எங்கள் கண்மாயில் குஞ்சுகளைக் காக்கும் விரால் அப்படித்தான் பாய்ந்து விரட்டும். விரட்டப்பட்டதற்குப் போக இடமுண்டு. நான்கடித் தொட்டியில் தோற்றது எங்கே போகும்? பணிந்த பின்னும் கண்ணெதிரே நிற்கிறது. நிற்பதே குற்றமாகிவிடுகிறது.

கற்களை இடம் மாற்றினேன். அடையாளங்கள் கலைந்தால் எல்லைகளும் கலையும் என்பது கணக்கு. நான்கு நாள் பலித்தது. இன்னும் சில மீன்களை விட்டால் அடி பகிர்ந்துபோகும் என்றார்கள். அதற்கு இத்தொட்டி போதாது. கடைசியில், ஓரங்களில் நீர் புகுமாறு இடைவெளி விட்டு நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்தேன். பெரியது பகலெல்லாம் அதை முட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்காரும் அடங்கும் சிக்லிட் குடும்பத்து மீன்களை இப்படித்தான், கண்ணாடிக்கு இருபுறமும் இணை இணையாக வைத்திருந்ததை லோரன்ஸ் சொல்கிறார். கண்ணாடியில் பாசி படர்ந்து எதிரி மறைந்ததும் ஆண்கள் தம் பெண்டிரையே தாக்கின. துடைத்ததும் வீட்டில் அமைதி திரும்பியது. என் தொட்டியில் நேர்மாறு. பாசி படரப் படர இரண்டும் அமைதியாயின. சிறியது இரைக்கு மேலே வந்தது. துடைத்த அன்று மறுபடியும் முட்டல். என் மீன்களுக்கு முதுகுக்குப் பின்னே அடிக்க வேறு யாருமில்லை என்பதே வேறுபாடு போலும். துடைப்பதை நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு வருபவர்கள் அழுக்குத் தொட்டி என்கிறார்கள்.

ஆனால் ஒரு சாண் மீனுக்கு இரண்டடி அறை நெடுநாள் தாங்காது. கண்மாயில் விட்டுவிடச் சொன்னார் சக ஆசிரியர். 2018 கேரள வெள்ளத்தில் தப்பிய அரபைமாக்கள் ஆறுகளில் பிடிபட்டதைச் சொன்னேன். அமேசான் படுகையின் மீனை விரால் குஞ்சுகளிடையே விடும் துணிவு எனக்கில்லை. விற்கலாமென்றால் ஒற்றைக்கண் மீனை யார் வாங்குவார்?

இரண்டாவது தொட்டிக்கு அளவு கொடுத்துவிட்டு வந்து அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். வாரம் எட்டுக் குடம். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மாத்துன தண்ணிய சாக்கடையில ஊத்தாத. முருங்கைக்கு ஊத்து" என்றார்.