வேலியும் கடலும்

தீவுப்பகுதியில் பிறந்தவனுக்கு முறைப்பாடுகளுக்குப் பஞ்சமில்லை. கிணற்றுத் தண்ணீர் உவர். சோளகக் காற்று எழும்பினால் படகு இல்லை. பஸ்காரன் நேரத்துக்கு முன்னமே எடுத்துக்கொண்டு போய்விட்டான். என் பங்குக்கு வேலணையில் எங்கள் வளவின் மேற்கு வேலி இருந்தது. ஒன்றுவிட்ட தம்பி கதிகாலை அரை அடி உள்ளே தள்ளி நட்டுவிட்டான் என்று வழக்கு வரைக்கும் போன வேலி. அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன் என்றால் கேட்பவர் எழும்பிப் போகும்வரை நிறுத்தமாட்டேன்.

இத்தனைக்கும் 1990 இல் இராணுவம் தீவுகளுக்குள் இறங்கியபோது வேலி, வீடு, கிணறு எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு ஓடிய சனம் நாங்கள். உயிர் தப்பினால் போதும் என்றுதான் அன்று கும்பிட்டோம். காலம் கழித்து ஊர் திரும்பி, பற்றை வெட்டி, கையோடு தேடியது எல்லைக்கல்லை. யுத்தம் எங்களுக்குப் பெரிது சிறிது காட்டித் தந்ததென்றால், அந்தப் படிப்பு ஒரு மாரிக்குக்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

நெடுந்தீவு நண்பன் இதைச் சொல்லியே சிரிப்பான். அங்கே வேலிக்குக் கதிகாலும் கிடுகும் கிடையாது. முருகைக் கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். “நாங்கள் கல்லை அடுக்கிப்போட்டு மறந்திடுவம். வேலணையார் பூவரசை நட்டுப்போட்டுக் கோட்டுக்குப் போவியள்” என்பான். ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்திலிருந்து இந்தப் பகிடி.

அவனுக்குக் குடலில் கட்டி என்று சொன்ன பிறகு பகிடி நின்றது. தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை. நெடுந்தீவிலிருந்து அங்கே போவதென்றால் விடியவே மாவலித்துறைக்கு வரவேண்டும். குறிகாட்டுவானுக்கு ஒரு மணித்தியாலக் கடல். பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. வேலணையில் நான் ஏறிக்கொள்வேன். இவ்வளவு தூரம் வந்து இரத்தம் சோதித்தால், சில நாள் வெள்ளணு காணாது, மருந்து ஏற்ற முடியாது, அடுத்த கிழமை வாருங்கள் என்பார்கள். வைத்தியர் சொல்வது சரிதான்; அந்த நிலையில் மருந்து ஏற்றினால் ஆபத்து. ஆனால் வந்த கடல் முழுவதையும் அவன் திரும்பவும் கடக்கவேண்டும்.

“காய்ச்சல் கண்டால் ஒரு நிமிஷமும் சுணங்காமல் வாங்கோ” என்று தாதி ஒருநாள் சொல்லிவிட்டா. பஸ்ஸில் அவன் சிரித்தான். “எங்கட ஊரில உடனே எண்டால் நாளைக்கு.” இரவில் ஆளுக்குக் கடுமை என்றால் கடற்படைப் படகு வரவேண்டும், அதற்குக் கடலும் இடம்கொடுக்கவேண்டும்.

அந்தக் கடல் எங்களுக்கு வெறும் தண்ணீரல்ல. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்துக் குழந்தைகள் உட்படப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். அதே குமுதினியைத் திருத்தித் திருத்திப் பல வருடம் ஓட்டினார்கள். வேறு வழியில்லாத சனம் அதிலேயே ஏறியது. கிளினிக் கொப்பியோடு அவனும் அப்படித்தான் ஏறினான்.

அவன் முன்னால் வேலியைப் பற்றி வாய் திறக்க எனக்கு மனம் வரவில்லை. அவனே கேட்டான். “வழக்கு என்ன மாதிரி?” நான் மழுப்பினேன். “மச்சான், எல்லாரும் என்னோட வருத்தத்தைத்தான் கதைக்கினம். நீயாவது வேலியைக் கதையன்.” பண்ணைப் பாலம் வரும்வரை கதைத்தேன். அவனுக்காகக் கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த அரை அடி எனக்கே சிரிப்பாகிவிட்டது. அடுத்த தவணைக்கு முன்னமே தம்பியோடு சமாதானமாகிவிட்டேன்.

ஆனால் எல்லா முறைப்பாடும் அப்படிச் சிறுக்கவில்லை. மருந்து ஏற்றினால் நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும். உவர்த்தண்ணீரை வாயில் வைத்தாலே அவனுக்குச் சத்தி வந்தது. நல்ல தண்ணீருக்கு வீட்டார் அலைந்தார்கள். அவன் வந்த பஸ் புங்குடுதீவைத் தாண்டி வருவதை நினைத்தால் எனக்கு எழுத்தாளர் மு. தளையசிங்கத்தின் நினைவு வரும். 1971 இல் அங்கே கண்ணகி அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களும் அள்ளவேண்டும் என்று போராடிப் பொலிஸாரிடம் அடிவாங்கினார். உடல்நிலை கெட்டு 1973 இல், நாற்பதைத் தொடாமலே போய்விட்டார். ஒரு வாளி தண்ணீர் சில்லறைக் காரியம் என்று யார் சொல்வது?

எங்களோடு படிப்பித்த நயினாதீவு ரீச்சருக்குச் சிறுநீரகம் பழுதானது. இரத்தம் சுத்திகரிக்கக் கிழமைக்குப் பல தடவை யாழ்ப்பாணம் போகவேண்டும். கடல் கால் மணித்தியாலம்தான். என்றாலும் அலைச்சல் தாங்காமல் டவுனில் அறை எடுத்தா. ஆனியில் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் படகுகள் ஓயாமல் ஓடும். “அம்மாளுக்கு ஓடுற படகில பாதி வருத்தக்காரருக்கு ஓடினால் நான் வீட்டில படுப்பன்” என்பா. கடைசிவரை அந்த அறைதான்.

தெல்லிப்பளைக்குப் போகிறபோது இன்னொன்றும் யோசிப்பேன். 2006 இல் ஏ9 பாதை மூடிய பிறகு மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகவேண்டிய நோயாளி கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்துக் கிடந்தார். 2011 இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, ஏறத்தாழ 670 கிலோமீற்றர், சிங்களவரும் தமிழரும் நடந்து பணம் திரட்டினார்கள். அதில் எழும்பியதுதான் தெல்லிப்பளைக் கட்டடம். தூரம் விதியல்ல. குறைக்க மனம் வைத்தவர்கள் குறைத்திருக்கிறார்கள்.

நெடுந்தீவு நண்பனுக்கு இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக். ரீச்சர் இல்லை. அவர்களின் நோய் என் முறைப்பாடுகளை இரண்டாகப் பிரித்துத் தந்தது. வேலி உதிர்ந்தது. படகும் தண்ணீரும் முன்னிலும் பெரிதாகிவிட்டன. சுகதேகிக்கு எரிச்சலாக இருப்பது வருத்தக்காரனுக்கு உயிராக இருக்கிறது.

இந்தத் தெளிவும் சும்மா விட்டால் மங்கிப்போகும். ஆகவே உங்கள் ஒழுங்கையில் யாராவது கிளினிக்குக்குப் போகிறார் என்றால் கூடப் போங்கள். பஸ்ஸில் உங்கள் வேலிச் சண்டையைத் தாராளமாகச் சொல்லுங்கள். அவருக்கும் பொழுது போகும். ஆனால் மனு எழுத இருந்தால், படகுக்காக எழுதுங்கள்.