பனி மலையில் அம்பத்தூர்ப் பெண்கள்

மார்கழி பிறந்தால் போதும், நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கமெல்லாம் மப்ளரும் குல்லாயும் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிடும். கோலம் போடப் போகிறவள் முந்தானையைத் தலையில் சுற்றிக்கொள்வாள். "அப்பப்பா, என்ன பனி!" என்போம். இத்தனைக்கும் சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருஷத்துக்கு முன்னால்! அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஆறு பெண்கள், ஜனவரி மாதத்தில், முழங்கால் புதையும் பனியில் இமயமலைச் சிகரம் ஏறப் போகிறோம் என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்?

"ஏம்மா, ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் இல்லையா?" என்றார் என் மாமியார்.

நாங்கள் போனது கேதார்கண்டா சிகரம். உத்தராகண்டில் உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 12,500 அடி. 29,000 அடியைத் தாண்டி நிற்கும் எவரெஸ்டுக்கு முன்னால் இது சின்னப் பிள்ளைதான். ஆனால் பெரிய சிகரங்கள் எல்லாம் குளிர்காலத்தில் கதவடைத்துக்கொள்ளும்போது, நம்மைப் போன்ற சாதாரண ஆட்களும் நல்ல வழிகாட்டியோடு ஏறக்கூடிய மலை இது.

இந்த உத்தரகாசி மாவட்டத்துப் பெண்தான் பச்சேந்திரி பால். 1984 மே 23 அன்று எவரெஸ்டில் ஏறிய முதல் இந்தியப் பெண். சரியாக 39 வருஷம் கழித்து, 2023-இல் அதே மே 23 அன்று, நம் தமிழ்நாட்டு முத்தமிழ்ச்செல்வி அங்கே ஏறினார். அவர் இரண்டு குழந்தைகளுக்குத் தாய். உலகத்திலேயே முதன்முதலாக எவரெஸ்டில் ஏறிய பெண், ஜப்பானின் ஜுன்கோ தபெய். அவரும் 1975-இல் சின்னப் பெண் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனார். இதையெல்லாம் எடுத்துச் சொன்ன பிறகுதான் என் மாமியார், "சரி, பத்திரமா போயிட்டு வா" என்றார்.

எங்களில் இளையவளுக்கு 31 வயது, மூத்த அக்காவுக்கு 54. மூன்று மாதம் முன்பே பயிற்சியைத் தொடங்கினோம். காலையில் ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வேக நடை. ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில் ஏறித் திருத்தணி. முதுகில் பையோடு முருகன் கோயிலின் 365 படிகள். முதல் வாரம் நான்கு இடத்தில் உட்கார்ந்தோம். இரண்டாம் மாதத்தில் ஒரே மூச்சாக ஏறி இறங்கி, மறுபடி ஏறினோம்.

எங்களில் ஒருத்தியின் கணவர் ஆவடி ராணுவ உடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். அவர் சொன்ன யோசனை பெரிதும் உதவியது. "தடியா ஒரே ஸ்வெட்டர் வேணாம்மா. மெல்லிசா மூணு அடுக்கு போடுங்க. உடம்போட ஒட்டி வேர்வையை வெளியே விடற துணி, நடுவுல கம்பளி, மேலே காத்தும் தண்ணியும் புகாத கோட்டு." பருத்தித் துணி நம் ஊருக்கு அமிர்தம், பனியில் அது ஆகாது. வேர்வையில் நனைந்தால் காயவே காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

டேராடூன் வரை ரயில். அங்கிருந்து சாங்க்ரி என்ற மலைக் கிராமத்துக்குச் சுமார் 200 கிலோமீட்டர். வளைந்து வளைந்து போகும் பாதையில் ஒரு முழுப் பகல் ஆகிறது. மர வீடுகள், தேவதாரு மரங்கள், வாசலில் கம்பளி பின்னும் பாட்டிகள். வன அனுமதி வாங்கிக்கொண்டு மறுநாள் காட்டு வழியே ஏறினோம். 9,000 அடிக்கு மேல் ஜூடா கா தாலாப் என்று ஒரு குளம். சிவபெருமானின் சடையிலிருந்து விழுந்த நீர் என்று சொல்கிறார்கள். நாங்கள் போனபோது குளம் கண்ணாடிபோல உறைந்து கிடந்தது.

அதற்கு மேலே, 11,000 அடியில் உள்ள முகாமுக்குப் போய்ச் சேர்ந்த அன்றிரவு பனி கொட்டத் தொடங்கியது. மறுநாளும் நிற்கவில்லை. புதுப் பனி கொட்டியவுடன் சரிவில் ஏறினால் பனிச்சரிவு வரலாம் என்று வழிகாட்டி கண்டிப்பாகத் தடுத்துவிட்டார். கூடாரத்திலேயே கிடந்தோம். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்க வேண்டும் என்று அங்கேதான் கற்றுக்கொண்டோம். தண்ணீர் மேலிருந்துதான் உறையும். கவிழ்த்து வைத்தால் மூடிப்பக்கம் உறையாமல் இருக்கும். எத்தனை கெட்டிக்காரத்தனம்!

அன்று மாலை எங்களில் 45 வயதுத் தோழி ஒருத்திக்குத் தலைவலி. பிறகு வாந்தி. "நான் இங்கேயே படுத்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்றாள். வழிகாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. உயரத்தால் வரும் நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான். கூட ஒரு உதவியாளர் போவார். ஆனால் அவளோடு ஒரு பெண்ணும் போனால் நல்லது. யார் போவது? மூன்று மாதம் படியேறியதெல்லாம் கண் முன்னால் வந்தது. யாரும் வாய் திறக்கவில்லை.

"நான் போறேன்" என்று எழுந்தாள் எங்களில் இளையவள். எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஏறுகிறவள் அவள்தான். "மலை எங்கேயும் ஓடிடாது அக்கா" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டாள். இருவரும் குளக்கரை முகாமுக்கு இறங்கினார்கள். காலைக்குள் தலைவலி விட்டுவிட்டது என்று பிறகு தெரிந்தது.

பனி நின்றது. மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு நாலு பேரும் வழிகாட்டியும் கிளம்பினோம். வெயில் ஏறினால் பனி இளகிக் கால் இன்னும் புதையும். அதனால்தான் இருட்டிலேயே புறப்பாடு. பாதை என்று ஒன்றுமே இல்லை. முன்னே போனவர்களின் தடமெல்லாம் மூடிப்போய் ஒரே வெள்ளை.

இந்த மாதிரிப் பனியில் முதலாவதாகப் போகிறவர்தான் வழி உண்டாக்க வேண்டும். ஷூ நுனியால் பனியை இரண்டு முறை உதைத்து, மிதித்து அழுத்தி, அது தாங்குகிறதா என்று பார்த்து அடுத்த காலை எடுக்க வேண்டும். பின்னால் வருகிறவர் அதே குழியில் கால் வைப்பார். அடுத்தவர் வைக்கும்போது அது இன்னும் கெட்டிப்படும். கடைசி ஆளுக்குத் திருத்தணிப் படிக்கட்டு மாதிரி இருக்கும்! முதல் ஆளுக்கோ இருபது அடி வைப்பதற்குள் மூச்சு முட்டும்.

அதனால் ஒரு முறை உண்டு. ஐம்பது அடி ஆனதும் முதல் ஆள் ஓரமாக ஒதுங்கி நிற்பார். மற்றவர்கள் கடந்து போக, அவர் கடைசியில் சேர்ந்துகொண்டு இளைப்பாறுவார். இரண்டாமவர் இப்போது முன்னால். இன்னொரு விஷயம்: நெட்டையான வழிகாட்டி முன்னால் போனபோது அவர் வைத்த அடி எங்களுக்கு எட்டவில்லை. எங்களில் குள்ளமான தோழி முன்னால் போனதும் அவள் தடம் எல்லோருக்கும் பொருந்தியது.

ஆறரை மணிக்கு மேல் உச்சி. சுவர்க்காரோகிணியும் பந்தர்பூஞ்சும் முதல் வெயிலில் மஞ்சள் பூசிய மாதிரி நின்றன. உச்சியில் சின்னதாக ஒரு சிவன் இடம். கும்பிட்டோம், கீழே இறங்கிப்போன இருவரையும் நினைத்துக்கொண்டோம். மூத்த அக்கா அங்கே உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "முப்பது வருஷமா வீட்ல நான்தான் முன்னாடி போறேன். ஓரமா ஒதுங்கி நிக்கலாம்னு யாரும் சொல்லல. நானும் கேக்கல."

யாருக்கும் பதில் சொல்லத் தோன்றவில்லை. ஊர் திரும்பிய வாரமே அவர் வீட்டில் காலைக் காப்பி மகன் பொறுப்பாகிவிட்டது!

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தச்சோகை நம் பெண்களிடம் அதிகம். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் உயரத்தில் மூச்சு வாங்கும். கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் இந்த ஆசையை ஒத்திவைப்பதே நல்லது. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும். கறுப்புக் கண்ணாடி அவசியம். விரல் மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், கக்கத்தில் வைத்துச் சூடேற்றுங்கள். தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். தலைவலியும் வாந்தியும் வந்தால் மறைக்காமல் உடனே சொல்லுங்கள்.

எங்கள் இளையவள் அடுத்த ஜனவரியில் மறுபடி கிளம்புகிறாள். இந்தத் தடவை அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் முறை எங்களுடையது.