உடல் வராத வீடுகள்

கடற்கரையில் சாவு வீட்டுக்கு என்ன செய்ய வேண்டுமென்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தல் போட ஒருவர் வருவார், கட்டன் சாயா போட ஒருவர் வருவார், கோவில் மணி அடிக்கும், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டத் தொடங்கியிருப்பார்கள். 2017 டிசம்பரில், குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் இரையுமன்துறை வரையுள்ள எங்கள் எட்டு ஊர்களிலும் இந்த ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். உடல்தான் வரவில்லை.

நவம்பர் 29 இரவு மழை பிடித்தது. விடியும்போது காற்று. ஓடு பறந்தது, தென்னை முறிந்தது, மின்கம்பங்கள் சாய்ந்தன, போன் செத்தது, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கோவிலுக்குள் ஓடினோம், உள்ளே செபம், வெளியே கடல், எது எதன் சத்தம் என்று தெரியவில்லை. காற்று நின்ற பிறகுதான் பெண்கள், கடலுக்குப் போனவர்களை ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்கள் தங்கல் தொழில்காரர்கள். போனால் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து சுறா பிடித்து வருவார்கள். ஒக்கிப் புயலின் எச்சரிக்கை கரைக்கு வந்தபோது, அவர்கள் கரையை விட்டுப் பல நாளாகியிருந்தது.

லட்சத்தீவில் ஏறியவர்கள், மகாராஷ்டிரத்தில் ஒதுங்கியவர்கள், குஜராத்தில் கிடைத்தவர்கள் என்று பெயர்ப்பட்டியல் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பட்டியலும் வாசிக்கப்படும்போது கோவில் முற்றத்தில் மூச்சு விடும் சத்தம்கூட இருக்காது. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தோம். கல்யாண ஆல்பத்திலிருந்து பிய்த்த படங்கள் பெண்களின் மடியில் இருந்தன. தேடுங்கள் என்பதே முதல் கோரிக்கை. இழப்பீடு அதற்குப் பிறகுதான்.

பிறகு முதலமைச்சர் வந்தார். 20 லட்சம் அறிவிப்பும் வந்தது. அதைக் கையில் வாங்க இறப்புச் சான்று வேண்டும். உடல் கிடைக்காதவர் இறந்ததாகக் கொள்ளச் சட்டம் 7 ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. சுனாமிக்குத் தளர்த்தியதுபோல ஒக்கிக்கும் அந்த விதியைத் தளர்த்தினார்கள். காவல் நிலையப் புகார், விஏஓ சான்று, மீனவர் அடையாள அட்டை, குடும்ப அட்டை, வாரிசுச் சான்று எல்லாம் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் என்பதால் விண்ணப்பம் எழுத என்னை உட்கார வைத்தார்கள்.

‘இறந்தவர் பெயர்’ என்று அந்தத் தாளில் ஒரு கட்டம். பெரியம்மை ஒருத்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கருவாட்டு உப்பு ஏறிக் காய்ந்த விரல்கள். “எனக்க மவனுக்க பேர அதுல எழுதாத மக்களே. பட்டியல் இன்னும் வரும்.” நான் கட்டத்தை விட்டுவிட்டு மற்றதை எழுதினேன். முகவரி, ஆதார் எண், படகின் பதிவு எண். அதற்கெல்லாம் அவள் ஒழுங்காகப் பதில் சொன்னாள். தாள் பல நாள் என் பையிலேயே இருந்தது. பிறகு அவளே வந்து, திண்ணையில் உட்கார்ந்து, எழுது என்றாள்.

அதற்கு முன்பே திருவனந்தபுரத்தில் அவளிடம் ரத்தம் எடுத்திருந்தார்கள். கேரளத்துப் பிணவறைகளில் கிடந்த உடல்களுக்கு முகம் இல்லை. மரபணுதான் பேச வேண்டும். கழுத்தில் கிடந்த உத்தரியத்தை வைத்துத் தம்பியைக் கண்டுபிடித்த ஒருவரோடு வேனில் திரும்பினேன். பார்மலின் வாடை சட்டையில் ஏறியிருந்தது. வழியெல்லாம் அவர் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார்: “நமக்கு அடக்கமாவது கெடச்சுது.” அந்த வேனில் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நிறையப் பேர். நல்லவர்கள்தான். நோட்டுப் புத்தகத்தோடு வந்து, எப்படி உணருகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் பெண்கள் நம்பியது வேறொருவரை. பக்கத்து மடத்துச் சிஸ்டர் ஒருவர். “மனசைத் தேத்திக்கோ” என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டே, “பாஸ்புக் எங்க வச்சிருக்க?” என்பார். படகுக்கு வாங்கிய கடனுக்கு வட்டிக்காரர் வரும் நாளில் அந்த வீட்டில் இருப்பார். ஓர் அலுவலகத்தில் மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணோடு நான்காம் முறை அவரே போய் நின்றார். பணம் வந்தபின் மாமியாருக்கும் மருமகளுக்கும் பங்குச் சண்டை மூண்டது. அவர் இரண்டு அடுப்படியிலும் கஞ்சி குடித்தார். எந்தப் பக்கமும் பேசவில்லை. துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நான் பார்த்த உதவிகளில் இதற்கு மேலானது இல்லை.

இன்றும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், சில குடும்பங்களுக்கு மெழுகுவர்த்தி வைக்க இடம் கிடையாது. கடற்கரை மணலில் வைக்கிறார்கள். காற்று அணைக்கிறது, மறுபடி ஏற்றுகிறார்கள். தாலியைக் கழற்றாத ஒருத்தி எங்கள் தெருவில் இருக்கிறாள். சான்றிதழ் அவள் பெட்டியில் இருக்கிறது. நாங்கள் அவளிடம் எதுவும் கேட்பதில்லை.

ஒக்கிக்குப் பிறகும் படகுகள் கவிழ்ந்திருக்கின்றன. ஊர் முழுக்கச் செத்தால் அரசு விதியைத் தளர்த்துகிறது. ஒரு படகில் ஒருவர் மட்டும் காணாமற்போனால் அந்த வீட்டுக்காரி சட்டத்தின் கணக்குப்படி காத்திருக்க வேண்டும். 1872-இல் வந்த சாட்சியச் சட்டத்தை மாற்றி 2024 ஜூலையில் புதிய சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகும் அந்த 7 ஆண்டு அப்படியே தொடர்கிறது. கடலில் காணாமற்போனவருக்கு அதைக் குறைக்க வேண்டும். புயலுக்குப் பெயர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் குறைக்க வேண்டும்.