பெட்டிக்கு சீட் கிடைச்சிடுச்சு... எனக்கு?

பஸ்ஸுல துண்டு போட்டு சீட் பிடிச்சிருக்கோம். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோட டி.டி.ஆர். பின்னாடி அலைஞ்சிருக்கோம். ப்ளேன்லயும் இப்படி ஒரு பொழப்பு இருக்குன்னு, அமெரிக்காவுக்குப் படிக்க வந்த பிறகுதான் தெரிஞ்சது. பேரு... ஸ்டாண்ட்பை!

என் லேப் தோழியோட அம்மாவுக்கு ஏர்லைன்ஸ் வேலை. அங்கே ஊழியர்களுக்கு வருஷத்துக்கு சில 'படி பாஸ்' தருவாங்க. சொந்தக்காரங்க, நண்பர்களுக்கு அவங்க கொடுக்கலாம். "ஸ்பிரிங் பிரேக்ல சும்மாதானே இருக்கே? சியாட்டில் போய்ட்டு வா"ன்னு ஒண்ணு என் கைக்கு வந்தது. டிக்கெட் விலையில ஒரு சின்னப் பங்குதான் செலவு. நமக்குக் கசக்குமா?

கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு. சீட் நிச்சயம் கிடையாது. காசு கொடுத்தவங்க எல்லாரும் ஏறணும். அப்புறம் அந்தக் கம்பெனி ஊழியர்கள், அவங்க குடும்பம். அதுக்கும் மேல சீட் மிச்சம் இருந்தா, படி பாஸ் பார்ட்டி! இல்லைன்னா அடுத்த ப்ளேன். ஓட்டல் ரூமோ, சாப்பாட்டுக் கூப்பனோ, நஷ்ட ஈடோ எதுவும் கேட்க முடியாது.

ஸ்டாண்ட்பை மாணவர்களுக்குப் புதுசும் இல்லை. 1960-களில் அமெரிக்க விமான நிறுவனங்கள், 12 முதல் 21 வயசு வரைக்கும் உள்ளவங்களைப் பாதிக் கட்டணத்தில் இப்படி ஏத்திக்கிட்டுப் போயிருக்காங்க. காலியா பறக்கிற சீட்டுக்குப் பாதிக் காசாவது வரட்டுமேங்கிற கணக்குதான்!

செவ்வாய்க்கிழமை. விடியற்காலை முதல் ஃப்ளைட். ஃப்ளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் இருந்து அட்லாண்டா, அங்கிருந்து சியாட்டில். ரெண்டுலயும் சீட் காலி. எனக்கு ஜன்னல் ஓரம் வேற! இறங்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடி மேகத்துக்கு மேல 4,392 மீட்டர் மவுன்ட் ரெய்னியர், உச்சி முழுக்க வெள்ளையா நின்னுச்சு. 1907-ல் ஆரம்பிச்ச பைக் பிளேஸ் மார்க்கெட்ல மீனைப் பந்து மாதிரி தூக்கிப் போட்டுப் பிடிக்கிறதை வாயைப் பிளந்து பார்த்தேன். பெயின்பிரிட்ஜ் தீவுக்கு 35 நிமிஷ படகுப் பயணம். முழு டிக்கெட் போட்டு இதையெல்லாம் நான் என்னைக்குப் பார்த்திருப்பேன்?

திரும்பும்போதுதான் வெச்சாங்க ஆப்பு!

சனிக்கிழமை ராத்திரி ஃப்ளைட்ல கடைசி வரிசை நடு சீட் கிடைச்சு, ஞாயிறு காலை அட்லாண்டா வந்தாச்சு. திங்கள் காலை 9 மணிக்கு மிட்-டெர்ம். இன்னும் ஒரு குட்டி ஃப்ளைட்தான் பாக்கி. ஆனா பிரேக் முடியுற ஞாயிற்றுக்கிழமை. எங்க யுனிவர்சிட்டி பசங்க மொத்தப் பேரும் அதே ஃப்ளைட்களுக்குத்தான் வர்றாங்க. இந்த மண்டைக்கு அது முன்னாடியே தோணலை!

கேட்ல இருக்கிற ஸ்க்ரீன்ல ஸ்டாண்ட்பை லிஸ்ட் ஓடும். நம்ம சர்நேம் அப்பா பேர்தானே? அதோட முதல் மூணு எழுத்து மட்டும் மின்னுது. அப்பா 6-வது இடம். முதல் ஃப்ளைட் ஃபுல். அடுத்ததுல அப்பா 9-வது இடம்! நம்ம ஊர் வெயிட்டிங் லிஸ்ட்ல நம்பர் இறங்கும். இங்கே ஏறுது. லேட்டா வந்தாலும் ஊழியர்கள் நமக்கு மேலதான் உட்காருவாங்க.

இடையில ஒரு விஷயம் தெரிஞ்சது. நான் செக்-இன் பண்ணின பெட்டி, முதல் ஃப்ளைட்லயே ஊருக்குப் போயிடுச்சாம். பரீட்சை நோட்ஸும் கால்குலேட்டரும் அதுக்குள்ள!

அவ்வளவுதான், பொறுமை போச்சு. கவுன்ட்டர்ல குரல் உயர்ந்துடுச்சு. "நாளைக்கு எனக்கு எக்ஸாம்... என் பெட்டிக்குக் கிடைச்ச சீட் எனக்குக் கிடையாதா?" அந்தம்மா பதில் பேசாம கம்ப்யூட்டரைப் பார்த்தாங்க. அப்பதான் உறைச்சது. என் பாஸ் யாரோட கணக்குல இருக்குன்னு அதுல தெரியும். நான் கலாட்டா பண்ணினா எனக்கு ஒண்ணும் ஆகாது. தோழியோட அம்மாவுக்குத்தான் சலுகை பறிபோகும். 2017 மார்ச்சில், டென்வர்ல ஊழியர் பாஸ்ல வந்த ரெண்டு டீன்-ஏஜ் பெண்களை, லெக்கிங்ஸ் போட்டிருந்தாங்கன்னு யுனைடெட் ஏத்த மறுத்தது பெரிய செய்தி ஆச்சு. அதாவது, பாஸ்ல போறவங்க அந்தக் கம்பெனி ஆள் மாதிரி நடந்துக்கணும். 'ஸாரி மேடம்'னு சொல்லிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அப்புறம் என்ன? டி-யில் ஆரம்பிச்சு எஃப் வரைக்கும் அந்த ஏர்போர்ட்டை நடந்தே அளந்தேன். டி-க்கும் ஏ-க்கும் நடுவுல சுரங்கப் பாதையில ஜிம்பாப்வே கற்சிலைகள் இருக்கு. ஒவ்வொண்ணும் எனக்கு அத்துப்படி! கடைசி ஃப்ளைட்ல ஒரே ஒரு சீட் மிச்சம். வீட்டுக்குப் போற ஊழியர் ஒருத்தர் ஏறினார். கதவு மூடியாச்சு.

மார்ட்டா ரயில் பிடிச்சு பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து ராத்திரி பஸ். மிச்சம் பிடிச்ச காசுல பாதி அதுக்கும் ஏர்போர்ட் சாண்ட்விச்சுக்கும் போச்சு. கசங்கின சட்டை, கடன் வாங்கின கால்குலேட்டரோட பரீட்சை எழுதினேன். மார்க் மட்டும் கேட்காதீங்க!

பாஸ் கிடைச்சா, அடியேனின் அனுபவ டிப்ஸ்:

* செவ்வாய், புதன், அதிகாலை முதல் ஃப்ளைட் - ராசியானவை. வெள்ளி, ஞாயிறு சாயங்காலம், லீவு முடியுற நாள் - கூடவே கூடாது.

* பரீட்சை, இன்டர்வியூ, கல்யாணம்னு தேதி குறிச்ச காரியத்துக்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்குங்க. இல்லைன்னா ரெண்டு நாள் முன்னாடியே திரும்புங்க.

* தோள்ல மாட்டுற பை மட்டும் போதும்.

* பஸ்ஸுக்கும் ஒரு ராத்திரி ரூமுக்கும் பணம் தனியா இருக்கட்டும்.

* பாஸை யார்கிட்டயும் காசுக்கு வாங்காதீங்க. விற்ற ஊழியருக்கு வேலையே போகலாம்.

தோழி கேட்டா: "மறுபடி ஒரு பாஸ் வேணுமா?"

வேணும்னுதான் சொன்னேன். ஆனா இந்தத் தடவை செமஸ்டர் லீவுல. திரும்பி வர ஒரு வாரம் ஆனாலும் யாரும் தேடாத நேரத்துல!