கூரை போட்டுக் காட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய கே.சி.எஸ். பணிக்கர் ஐயாவுக்கும், அவரோடு சேர்ந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பிய எல்லாருக்கும்,

ஐயா 1977இல் மறைந்தார். உங்களில் இன்னும் பலரும் இப்போது இல்லை. இருந்தாலும் இந்த நன்றியை உங்கள் பெயருக்குத்தான் எழுத வேண்டும்.

நான் மரக்காணத்தில் இருந்துகொண்டு படம் வரைகிறவன். உங்கள் கிராமத்துக்கு மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி எங்கள் ஊர். உப்பளத்தில் வேலை செய்யும் ஆண்களையும் பெண்களையும் ஆளுயரத்தில், ஒரே துணியில், வரிசையாக வரைய வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு இருபதடித் துணியாவது வேண்டும். வாடகை வீட்டுக் கூடத்தில் அதை விரிக்க முடியாது. எப்படியோ விரித்துவிட்டாலும், பத்தடி பின்னால் தள்ளி நின்று பார்க்காமல் ஆளுயர உருவத்தின் அளவு பிடிபடாது. வெளியில் கட்டி வரையலாம் என்றால் இங்கே காற்றே உப்பு. சட்டத்தில் அடித்த ஆணி துருப்பிடித்துக் கறை துணியில் இறங்கும். ஈரத்தில் துணி தொய்யும். ஐப்பசி பிறந்தால் மழை. அளத்தில் இருப்பவர்களுக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை.

இடத்தோடு மல்லுக்கட்டுவது பேர்பெற்றவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 1937இல் பாரிஸில் பிக்காசோ ‘கெர்னிக்கா’ வரைந்தபோது, ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரத் துணி மாடியறையின் உத்தரத்துக்குக் கீழே நேராக நிற்கவில்லை. சாய்த்து வைத்துத்தான் வரைந்து முடித்தார்.

ஐயா, நீங்கள் யாரிடம் படித்தீர்கள் என்பதும் நினைவுக்கு வருகிறது. சென்னைக் கலைப்பள்ளியில் உங்கள் ஆசிரியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் பாறையை நெம்பும் நான்கு உழைப்பாளர்களை 1959இல் நிறுத்தியவர் அவர். டெல்லியில் தண்டி யாத்திரையைப் பதினோரு உருவங்களாக வடித்ததும் அவரே. பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டின் பின்புறம் அந்தச் சிலைவரிசை இருந்தது. உப்புக்காக நடந்தவர்கள் பெரிய உருவில் நிற்கிறார்கள். உப்பை வாருகிறவர்களுக்கு அப்படி ஓர் உருவம் இங்கே இன்னும் வாய்க்கவில்லை.

நீங்கள் அந்தப் பள்ளியின் முதல்வராக இருந்தபோது, படிப்பு முடித்து வெளியே போன பிள்ளைகளுக்குப் படம் விற்றுப் பிழைக்க வழியில்லாததைப் பார்த்தீர்கள். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலைக்குப் போனவர்கள் மெல்ல மெல்லத் தூரிகையை விட்டார்கள். அதற்கு நீங்கள் எல்லாரும் கண்டுபிடித்த வழி கைவினை. மெழுகு ஊற்றிச் சாயமேற்றிய பாத்திக் துணிகளை விற்றுப் பணம் சேர்த்தீர்கள். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தின் கடலோர மணலில் ஏறத்தாழ 10 ஏக்கர் வாங்கினீர்கள். அங்கேயே குடியிருந்து, கூரை போட்டு, பகலில் ஒரு பொழுது கைவினைக்கும் மற்ற பொழுது படத்துக்கும் என்று வாழ்ந்தீர்கள். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களுக்கு அங்கே இடம் இருந்தது. எங்கும் ஒட்டாமல் தனித்துத் திரிந்த ஓவியர் ராமானுஜத்துக்கும் இருந்தது.

உங்களுடைய பாணிக்காக நான் நன்றி சொல்லவில்லை. 1963 முதல் ஐயா வரைந்தவை ‘சொற்களும் குறியீடுகளும்’. கூலியாளின் முதுகு அவற்றில் இல்லை. உங்களில் பலர் போன வழியும் வேறு. என் வழி ராய் சௌத்ரியின் மெரினாப் பக்கம் போகிறது. ஆனால் எந்த வழியில் போகிறவனுக்கும் முதலில் ஓர் இடம் வேண்டும், அதைத் தன் கையுழைப்பிலேயே ஓவியர்கள் சேர்ந்து உண்டாக்கலாம் என்று இந்தக் கடற்கரையில் செய்து காட்டியவர்கள் நீங்கள். நன்றி அதற்குத்தான்.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் துணி விற்ற காசில் ஏக்கர் கணக்கில் நிலம் வாங்க முடியாது. சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் பணிக்கூடங்கள் இருக்கின்றன, நல்ல இடம்தான். ஆனால் இந்தப் படத்தை அங்கே உட்கார்ந்து வரைய எனக்கு மனமில்லை. அளத்திலிருந்து வீடு திரும்பும் ஓர் அக்கா வாசலில் நின்று, “இப்பிடிக் குனிஞ்சா எப்பிடிப்பா உப்பு வார்றது?” என்று கேட்கும் தூரத்தில் கூடம் இருக்க வேண்டும். அவர்கள் பார்த்துத் திருத்தாத படம் அவர்களைப் பற்றிய படமாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இந்த மடலைப் படிக்கும் மரக்காணத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பூட்டிக் கிடக்கும் கிடங்கோ, பழைய பள்ளிக் கட்டடமோ, பேரூராட்சியின் காலிக் கொட்டகையோ இருந்தால் ஓர் ஆண்டுக்குத் தாருங்கள். பதினைந்தடி உயரமும், மழை ஒழுகாத கூரையும், வடக்கே ஒரு திறப்பும் போதும். பழுது பார்க்கும் செலவும் மின்கட்டணமும் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் படம் சொல்லித் தருகிறேன். முடித்த படம் விற்பனைக்குப் போகாது. ஊருக்குப் பொதுவான ஒரு சுவரில் இருக்கும்.


மரக்காணத்து ஓவியன் ஒருவன்